உங்களுக்குத் தெரியுமா? கட்டின பல் என்று தெரியாத பல்

● பீங்கான் பல்லின் நிறம் அடியிலிருந்தே கட்டிக்கொண்டு வரப்படுவது. பல் தொழினுட்பவியலாளர் பீங்கான் தூளைத் திரவத்தில் குழைத்து, தூரிகை நுனியில் எடுத்துப் படை படையாக அடுக்குகிறார். உள்ளே இருக்கும் உலோகத்தையோ கறுத்த பல்லையோ மறைக்க முதலில் ஒளி புகாப் படை ஒன்று. அதன் மேல் மஞ்சள் சாயல் கொண்ட டென்டீன் படை. அதற்கும் மேல் எனாமல் படை. நுனியில் மட்டும் ஏறக்குறையக் கண்ணாடி போன்ற ஒரு தூள். நமது சொந்தப் பல்லும் வெளியே எனாமல், உள்ளே டென்டீன் என்றுதான் அமைந்திருக்கிறது. கடைசியில் மேற்பரப்பில் சாயம் தொட்டுச் சுடுவதும் உண்டு. முழு நிறத்தையும் அந்தச் சாயத்திலேயே தேடினால் பொம்மைக்கு வைத்த பல்தான் கிடைக்கும்.

● இந்த வேலைக்குப் பெயர்போன தூரிகை கொலின்ஸ்கி என்ற சைபீரிய விலங்கின் வால்மயிரில் செய்யப்படுவது. ஓவியர்களும் அதையே தேடி வாங்குகிறார்கள். ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், நுனி ஊசிபோல் கூடும்.

● சூளைக்குள் போகும் பல் வாயில் பொருந்தும் பல்லைவிடப் பெரிதாக இருக்கும். சுடும்போது தூள்களுக்கு இடையிலிருந்த வெளி அடைபட்டு, பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே தொழினுட்பவியலாளர் எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் சுருங்கும் என்று கணித்து, வேண்டுமென்றே பெருப்பித்துக் கட்டுகிறார். ஒரே தடவையில் சரிவராது. சுட்டு எடுத்து, குறைந்த இடத்தில் மீண்டும் தூள் வைத்து, மறுபடியும் சுடுவார்.

● சூளை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வரை போகும். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவது. காற்று உள்ளே தங்கினால் பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் அடைபடும். ஒளி அவற்றில் மோதிச் சிதற, பல் சுண்ணாம்பு பூசியது போல் வெளிறும். சூடு ஏறும் வேகம், உச்சத்தில் நிற்கும் நேரம், இறங்கும் வேகம் எல்லாம் நிமிடக் கணக்கு. நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பல்லின் கதி அதோகதிதான். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கும் முன்னே, 1990 இல் போரினால் லக்சபான நிலையத்து மின்சாரம் நின்று, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்த காலத்தில், பீங்கான் சூளையைப் பற்றி யார் பேசியிருப்பார்?

● முதற் பீங்கான் பற்களுக்குக் காரணம் வாய்நாற்றம். பாரிசுக்கு அருகே மருந்து விற்ற அலெக்சி டியூஷாட்டோ தந்தத்திலான கட்டுப்பல் போட்டிருந்தார். தந்தம் உணவின் மணத்தையும் மருந்தின் மணத்தையும் உறிஞ்சி நாறியது. வெறுத்துப்போன மனிதர் 1774 அளவில் ஒரு பீங்கான் தொழிற்சாலைக்குப் போய்ப் பல்லைப் பீங்கானில் சுட்டுத்தரக் கேட்டார். சுடச்சுடச் சுருங்கியதால் அளவு தப்பித் தப்பிப் போய், பல முறை செய்த பிறகே வாயில் பொருந்தியது. அந்த வித்தையைத் திருத்தி வளர்த்த நிக்கொலா டுபுவா டு ஷெமான், 1791 இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்று, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இலண்டனுக்கே போய்விட்டார். அப்போது யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்தவர்கள் ஒல்லாந்தர்.

● பீங்கான் குடாநாட்டுப் பக்கம் வந்தது டுபுவாவின் உரிமத்துக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர். அல்லைப்பிட்டியில் 1970களில் தோண்டியெடுத்த சீனப் பீங்கான் துண்டுகள் சோங் அரச காலத்தவை.

● சாப்பாட்டுப் பீங்கானும் பல்லுப் பீங்கானும் ஒரே குடும்பம், சேர்மானம் வேறு. கோப்பைக்குக் கயோலின் என்ற வெண்களி நிறைய வேண்டும். வடிவம் பிடிக்க உதவுவது அதுதான். பல்லுக்கு அதே களி பகை, ஒளியை மறித்துவிடும். அதனால் பல் தூளில் களியை ஏறக்குறைய முழுவதும் விலக்கி, பெல்ட்ஸ்பாரைப் பெரும்பங்காகவும் குவார்ட்ஸ் மணலைச் சிறுபங்காகவும் சேர்க்கிறார்கள். உண்மையில் இது பீங்கானைவிடக் கண்ணாடிக்கே கிட்டிய உறவு. மாத்தளைப் பக்கம் பெல்ட்ஸ்பார் வெட்டுகிறார்கள். வடமராட்சியில் அம்பன் முதல் வல்லிபுரம் வரை கிடக்கும் வெண்மணல் சிலிக்காவுக்குப் பெயர்போனது. மூலப்பொருள் இப்படி வாசலில் கிடக்க, பல்லுக்கான தூளோ ஜேர்மனி, ஜப்பான், லீக்டன்ஸ்டைன் என்று வெளியிலிருந்தே சின்னச் சின்னப் போத்தல்களில் வந்திறங்குகிறது. மணல் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தூய்மையாக்கி, உருக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் அதே நிறம் வரும்படி அரைக்கும் நுட்பத்துக்குத்தான் அந்த விலை.

● பீங்கான் பல்லின் நிறங்கள் உலோக ஒட்சைட்டுகளிலிருந்து வருபவை. இரும்பு ஒட்சைட்டு பழுப்பு தரும், தைற்றேனியம் மஞ்சள் தரும், கோபால்ட் நீலம் தரும். நீலமா என்று திகைக்க வேண்டாம். கண்ணாடிக்கு முன் நின்று உங்கள் முன்பல்லின் நுனியைப் பாருங்கள், சாம்பல் கலந்த நீலச் சாயல் தெரியும்.

● அந்த நீலத்துக்குக் காரணம் வானம் நீலமாகத் தெரிவதற்கு உள்ள அதே காரணம். எனாமலில் உள்ள மிக நுண்ணிய பளிங்குகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, செம்மஞ்சளை ஊடுருவ விடுகின்றன. பல்லுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் அதே நுனி செம்மஞ்சளாகத் தெரியும். நல்ல பீங்கான் தூளில் இந்தக் குணமும் சேர்க்கப்பட்டிருக்கும்.

● இயற்கைப் பல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு, புறஊதா ஒளி பட்டால் நீலவெள்ளையாக ஒளிரும். விருந்து மண்டபங்களில் ஊதா விளக்குப் போட்டதும் ஒருவருடைய ஒரு பல் மாத்திரம் விழுந்துவிட்டது போலக் கறுத்துத் தெரிந்தால், அது ஒளிரத் தெரியாத கட்டின பல். இந்தக் குறையைப் போக்க ஒரு காலத்தில் பல் தூளில் மிகச் சிறிதளவு யுரேனியம் சேர்த்தார்கள். ஆம், அணுகுண்டோடு சேர்த்துப் பேசப்படும் அதே தனிமம்தான். வாய்க்குள் கதிரியக்கம் எதற்கு என்ற கேள்வி எழுந்து, 1980களில் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. இன்று அரிய மண் தனிமங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

● யுரேனியத்தை 1789 இல் கண்டுபிடித்தவர் பெர்லினில் இருந்த மார்ட்டின் கிளப்ரோத் என்ற வேதியியலாளர். அதே ஆண்டில் அதே மனிதர் இன்னொரு தனிமத்தையும் கண்டறிந்தார். அவர் சோதித்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கோன் இரத்தினக்கல். அதற்குள் இருந்தது சிர்க்கோனியம். இன்று பல் வைத்தியரிடம் போனால் "சிர்க்கோனியா போடுவமா?" என்று கேட்கிறாரே, அது இந்தச் சிர்க்கோனியத்தின் ஒட்சைட்டுத்தான். சிர்க்கோன் இன்றும் நமது புல்மோட்டைக் கடற்கரை மணலில், இல்மனைற்றோடும் ரூட்டைலோடும் கலந்து கிடக்கிறது. ஒரே வேதியியலாளர் ஒரே ஆண்டில் கண்ட இரண்டு தனிமங்களும் பல்லுக்குள் வந்து சேர்ந்தன. ஒன்றை எடுத்தெறிந்தார்கள், மற்றது தங்கிவிட்டது.

● சிர்க்கோனியாவைத் தூரிகையால் கட்டுவதில்லை. சுண்ணாம்புக் கட்டிபோன்ற மென்மையான வில்லையிலிருந்து கணினியின் கட்டளைப்படி ஓர் இயந்திரம் கடைந்தெடுக்கும். பிறகு ஏறக்குறைய 1500 பாகையில் பல மணி நேரம் சுடுவார்கள். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் என்பதால் கணினியே அந்தக் கணக்கைப் போட்டுப் பெரிதாகக் கடைகிறது. பலத்தில் பழைய பீங்கானைப் போல் பத்து மடங்கு வரை வரும். அழகில் அவ்வளவு இல்லை. ஒளி ஊடுருவுவது குறைவாகையால் முன்பல்லில் வைத்தால் சிலருக்குச் சுவர்போலத் தெரியும். அதனால்தான் கடைவாய்க்கு முழுச் சிர்க்கோனியாவையும், முன்பல்லுக்குச் சிர்க்கோனியாவின் மேல் தூரிகைப் பீங்கானையோ லிதியம் டைசிலிக்கேற்றையோ தெரிவார்கள். இந்த லிதியம் கண்ணாடி, பலத்தில் பழைய பீங்கானைப் போல் நான்கு மடங்கு. அழகுக்கும் குறைவில்லை.

● அந்த லிதியம் கண்ணாடியைப் பல்லாக்கும் ஒரு முறை நமது சிற்பிகளுக்கு ஆயிரம் ஆண்டாகத் தெரிந்தது. மெழுகில் பல்லைச் செதுக்கி, அதைச் சுற்றி அச்சுக் கலவையை ஊற்றி இறுகவிட்டு, சூளையில் வைத்து மெழுகை எரித்துவிட்டு, கிடைத்த வெற்றிடத்துக்குள் உருகிய கண்ணாடியை அழுத்தி ஏற்றுவது. கோயில் எழுந்தருளி விக்கிரகங்கள் பஞ்சலோகத்தில் வார்க்கப்படுவதும் இப்படித்தான். பல் வைத்தியத்துக்குள் இந்த மெழுகு வார்ப்பை 1907 இல் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் ரகார்ட். அப்போது வார்த்தது தங்கம்.

● பல்லைச் சுற்றிவர மூடும் முழுப் பீங்கான் கிரவுனுக்கு 1889 இல் உரிமம் வாங்கியவர் டெற்றொயிற் நகரத்துப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லாண்ட். அவருடைய மகளின் மகன்தான் 1927 இல் அத்திலாந்திக்கைத் தனியே விமானத்தில் கடந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க்.

● வெனியர் என்பது முன்பக்கத்தில் மாத்திரம் ஒட்டும் பீங்கான் தகடு. அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பு. அது பிறந்த இடம் ஹொலிவூட். 1920களின் கடைசியில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர் நடிகர்களுக்காக மெல்லிய மூடிகளைச் செய்தார். குழந்தை நட்சத்திரம் ஷேர்லி ரெம்பிளின் பால்பல் விழுந்த இடைவெளிகளை மறைத்ததும் அவர் கைவண்ணமே. கட்டுப்பல் ஒட்டும் தூளால் ஒட்டியதால் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அதோடு சாப்பிட முடியாது.

நிரந்தரமாக ஒட்ட வழி காட்டியது உலோகத்துக்குப் பூச்சு அடிப்போரின் பழக்கம். பூச்சு நன்றாகப் பிடிக்கப் பொஸ்போரிக் அமிலம் பூசுவார்கள் என்று அறிந்த மைக்கல் புவொனோகோர், 1955 இல் அதைப் பல் எனாமலில் செய்து பார்த்தார். அமிலம் எனாமலை நுண்ணிய குழிகளாக அரித்தது. பசை அந்தக் குழிகளுக்குள் இறங்கி இறுகியது. பீங்கானின் உட்பக்கத்தையும் அப்படியே அரிக்கக் கண்ணாடியைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் கைகூட, வெனியர் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. தனியே எடுத்தால் விரல் அழுத்தத்துக்கே உடையும் அந்தத் தகடு, எனாமலோடு ஒட்டியதும் பல ஆண்டுகள் நிற்கிறது.

● கணினி கடைந்த முதற் பல் நிரப்பியை 1985 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வேர்னர் மோர்மனும் மார்க்கோ பிரான்டெஸ்ரினியும் வாயில் வைத்தார்கள். நம்மவர்கள் அகதிகளாகச் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்.

● நிறம் தெரிவுசெய்ய வைத்தியர் பற்களை வரிசையாகக் கோர்த்த ஒரு பட்டையை எடுப்பார். 1956 இல் ஜேர்மனியின் வீற்றா நிறுவனம் தந்த அந்த ஒழுங்கில் இன்று 16 நிறங்கள். ஏ செம்பழுப்பு, பீ செம்மஞ்சள், சீ சாம்பல், டீ செஞ்சாம்பல். தேர்ந்தவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் அது தெளிவாகும். வெளிச்ச அளவு சரியென்றால் நிறம் கொஞ்சம் பிசகினாலும் ஊர் கண்டுபிடிக்காது. நிறம் சரியாக இருந்து வெளிச்சம் பிசகினால் பந்தியில் எதிரே இருப்பவருக்கும் தெரியும்.

● நிறம் பார்க்க வேண்டிய நேரம், வேலை தொடங்குவதற்கு முன். வாயைத் திறந்து வைத்துப் பல்லை ராவத் தொடங்கினால் எனாமல் காய்ந்து சில நிமிடங்களிலேயே வெளுத்துவிடும். பழைய நிறம் திரும்பப் பல மணி நேரமாகும். காய்ந்த பல்லுக்கு நிறம் எடுத்தால் அடுத்த கிழமை வெள்ளைப் பல் ஒன்று தனியாக இளிக்கும். உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள், சிவப்பு உடுப்பும் அன்றைக்கு வேண்டாம். ரியூப் லைற் மட்டும் போதாது. சேலைக் கடையில் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பீர்கள் அல்லவா, அதே விவேகம் இங்கேயும் வேண்டும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் மற்றொரு விளக்கில் பிரிந்துவிடும். யன்னலோரம், காலை பத்து மணிக்குப் பிறகு என்றால் நல்லது.

● ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை ஏதோ அளவில் நிறக்குருடு உள்ளவர்கள் என்று ஐரோப்பியக் கணக்குகள் சொல்கின்றன. ஆகவே நிறம் பார்க்கும்போது வீட்டுப் பெண் ஒருவரையும் கூட்டிப் போவது மூடநம்பிக்கையில் சேராது.

● எல்லாப் பல்லும் ஒரே நிறமென்றால் அதுவே பொய்ப்பல்லின் அடையாளம். வேட்டைப்பல் எப்போதும் முன்பல்லைவிட ஒரு படி மஞ்சள். ஒவ்வொரு பல்லும் முரசுப் பக்கம் கடுமையாகவும் நுனிப் பக்கம் ஒளி ஊடுருவக் கூடியதாகவும் இருக்கும். இளம்பிள்ளையின் முன்பல்லில் குறுக்கே நுண்ணிய வரிகள் ஓடும். வயது போகப்போக அவை தேய்ந்து வழவழப்பாகும். ஐம்பது வயதுக்காரருக்கு வரி போட்ட பல்லும், இருபது வயதுப் பெண்ணுக்கு வழவழத்த பல்லும் செய்துவிட்டால், நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஏதோ இடறும். இந்த மேடுபள்ளங்களைக் காண்பதற்காகத் தொழினுட்பவியலாளர் மாதிரிப் பல்லின் மேல் பொன்தூளோ வெள்ளித்தூளோ தேய்த்துப் பார்ப்பதுண்டு. பிறகு பக்கத்துப் பல்லில் உள்ள வெடிப்புக் கோடு, வெண்புள்ளி, வெற்றிலைக் கறையின் மெல்லிய பழுப்பு எல்லாவற்றையும் வேண்டுமென்றே தன் பல்லுக்குள் வைத்துச் சுடுவார். குறையில்லாத பல்லைச் செய்வது அவருக்குச் சுலபம். உங்கள் வாய்க்கு ஏற்ற குறையோடு செய்வதில்தான் கூலியும் பெருமையும்.

● இவ்வளவையும் செய்கிறவர் பெரும்பாலும் உங்களைக் கண்டதே இல்லை. அவர் முன் இருப்பது ஒரு சாந்து அச்சும், ஏ2 என்றோ ஏ3 என்றோ எழுதிய துண்டும். பட்டைப் பல்லை உங்கள் பல்லோடு சேர்த்துப் பிடித்து எடுத்த படம் ஒன்றையும் அனுப்பச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். பல் உடைந்தவர்கள் பல் தெரியச் சிரித்த பழைய படத்தையும் கொண்டுபோனால் வடிவம் பிடிக்க உதவும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் நம்மிடையே பல. அப்படியானவர்கள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவரின் பல் ஓரளவு கைகொடுக்கும்.

● வெற்றிலைக் கறை நன்றாக மினுக்கிய பீங்கானில் எளிதில் ஏறாது, பக்கத்துப் பல்லில் ஏறும். பல் வெளுக்கும் மருந்துக்கும் பீங்கான் மசியாது. ஆகவே பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து, நிறம் நிலைக்க இரண்டு கிழமையாவது பொறுத்து, அதன் பிறகே கிரவுனுக்கு நிறம் எடுக்க வேண்டும். முறை மாறினால் திரும்பவும் பணம்.

● புழுக்கொடியலை முன்பல்லால் கடித்து முறிக்கிறவர்களும், நண்டுக் காலைப் பல்லால் உடைக்கிறவர்களும் வெனியர் போட யோசிக்க வேண்டும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், நெம்புவதைத் தாங்காது. ஓரம் ஒரு தடவை பறந்துவிட்டால் பெரும்பாலும் முழுத் தகட்டையும் மாற்றவேண்டி வரும். நண்டு உடைக்க அம்மிக்குழவி இருக்கிறது.

● வெனியருக்காகவும் கிரவுனுக்காகவும் ராவிய எனாமல் திரும்ப வளராது. நல்ல பல்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகச் சுற்றிவர ராவிவிட்டு மூடி போடுவது எனக்குச் சம்மதமில்லை. அதிலும் பட்டையில் இல்லாத மிதமிஞ்சிய வெள்ளையைக் கேட்டு வாங்குவது காசைக் கொடுத்துப் பொய்ப்பல் என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம்.

● நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு ஊருக்கு வந்து, தேர் பார்த்த கையோடு பல்லையும் கட்டிக்கொண்டு விமானம் ஏற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழா 25 நாள். அளவு எடுக்க ஒரு நாள், தற்காலிகப் பல்லோடு ஒரு கிழமையாவது, பொருத்திப் பார்க்க ஒரு நாள், நிறம் சரியில்லாவிட்டால் மீண்டும் சூளைக்கு அனுப்ப இன்னும் சில நாள் வேண்டும். கொடியேறிய கிழமையிலேயே போய் அளவு கொடுங்கள். பொருத்திப் பார்க்கும் அன்று கண்ணாடியை வாங்கி யன்னலடிக்குப் போய்ப் பார்த்து, திருப்தி என்றால் மாத்திரம் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு உடைக்காமல் கழற்றுவது அரிது.